கொத்தரிசியும் பொருளியலாரும்

வாரந்தோறும் கூப்பன் புத்தகமும் ஓலைப்பையுமாகச் சங்கக்கடை வாசலில் வரிசையாய் நின்ற காலத்தை முதியோர் மறந்திரார். கடைக்காரர் கொத்தை நிறைத்துத் தலைதட்டிப் பையிற் கொட்டுவார். புத்தகத்திலிருந்து ஒரு சீட்டுக் கிழிக்கப்படும். பெயர் அழைக்கப்பட அடுத்தவர் முன்வருவார். நிறை சரியா, கல் அதிகமா, சென்ற வாரத்து அரிசியிலும் இவ்வாரத்து அரிசி மணக்கிறதா என்பனவே அங்கு நிகழ்ந்த ஆராய்ச்சிகள். ஆயின் அந்தக் கொத்தரிசி உலகப் பொருளியலாரின் ஆராய்ச்சிக்கும் உரிய பொருளாயிற்று. வறியோர்க்கு அரசாங்கம் உணவளித்தல் நன்றோ, நன்றெனில் அரிசியாக அளித்தல் நன்றோ பணமாக அளித்தல் நன்றோ, எல்லோர்க்கும் அளித்தல் நன்றோ தெரிந்தெடுத்த சிலர்க்கு அளித்தல் நன்றோ என்னும் வினாக்களுக்கு விடை தேடியோர் பலர் இலங்கையின் கணக்கேடுகளைப் புரட்டினர். அவர்கள் கண்டது யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

கதை 1942ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல் கடந்து வந்தது. அதிலும் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் நகரம் யப்பானியர் வசமாயிற்று. கப்பல்கள் நின்றன. இருக்கும் அரிசியை விலையின் போக்குக்கு விட்டால், பணமுள்ளவன் மூட்டையாக வாங்கி வைப்பான், பணமில்லாதவன் வெறுங்கையோடு திரும்புவான் என்பதை உணர்ந்த அரசாங்கம் பங்கீட்டுமுறையைக் கொணர்ந்தது. தலைக்கு இவ்வளவு, விலை இவ்வளவு என வகுக்கப்பட்டது. அமைச்சர் வீட்டுப் புத்தகத்துக்கும் குடிசை வீட்டுப் புத்தகத்துக்கும் சட்டம் ஒன்றாயிருந்தது.

இதன் பெறுமதியை அறிய வங்காள விரிகுடாவின் மறுகரையை நோக்குதல் வேண்டும். பர்மா அரிசியை இழந்த துயரம் வங்காளத்துக்கும் இருந்தது. அங்கே கல்கத்தா நகரத்துத் தொழிலாளர்க்குக் கட்டுப்பாட்டு விலையில் அரிசி கிடைக்க வழிசெய்யப்பட்டது. நாட்டுப்புறத்து மக்கள் சந்தையின் கையில் விடப்பட்டனர். 1943இல் நேர்ந்த பஞ்சத்தில் மாண்டோர் இருபது முதல் முப்பது இலட்சம் வரை எனக் கணித்துள்ளனர். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அப்பஞ்சத்துக்கு உணவுக் குறைவைக் காட்டிலும் உணவைப் பெறும் வலுவைக் கூலியாள்கள், மீனவர், கைவினைஞர் ஆகியோர் இழந்தமையே காரணம் என்று நிறுவ முற்பட்டார். சந்தையில் அரிசி இருந்தது. அதை வாங்கும் உரிமை அவர்களிடம் இருக்கவில்லை. இலங்கையிலோ அந்த உரிமையைக் கூப்பன் புத்தகம் என்னும் சிறு ஏடு தாங்கி நின்றது. இரு நாடுகளின் நிலைமையும் எல்லா வகையிலும் ஒத்ததன்று என்பது உண்மையே. எனினும் ஒப்புநோக்கு வீணானதன்று.

போர் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. போர்க்கால ஏற்பாடாகப் பிறந்தது சமாதான காலத்து மானியமாக வளர்ந்தது. இதன் பொருளியலை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 1952ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் உத்தரவாத விலைத் திட்டத்தின் கீழ் ஒரு புசல் நெல்லை 12 ரூபாவுக்குக் கொள்வனவு செய்தது. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 46 இறாத்தல் நிறையுடையது. அதைக் குற்றினால் முப்பது இறாத்தல் அளவில் அரிசி கிடைக்கும். அஃதாவது பதினைந்து கொத்து. கூலி, வண்டிச்சத்தம், களஞ்சியச் செலவு யாவற்றையும் ஒதுக்கினாலும் ஒரு கொத்து அரிசி அரசாங்கத்துக்கு 80 சதமாகிறது. அதைப் பங்கீட்டுக் கடையில் 25 சதத்துக்கு அரசாங்கம் விற்றது. வாங்கும் விலை உயர்ந்தும் விற்கும் விலை தாழ்ந்தும் இருந்த இவ்வினோத வாணிகத்தின் நட்டத்தைத் திறைசேரி ஏற்றது. கமக்காரனும் கூப்பன் உடையவனாதலின், தன் நெல்லை அரசாங்கத்துக்கு விற்றுவிட்டு, சங்கக்கடை அரிசியை வாங்கி உண்பதே அவனுக்கு இலாபமாயிற்று. பொருளியல் படியாத கமக்காரனும் இதைக் கண்டுகொண்டான்.

உள்நாட்டு நெல் ஒருபுறமிருக்க, இறக்குமதி அரிசியே அக்காலத்துப் பங்கீட்டின் முதுகெலும்பு. கொரியப் போரின் காலத்தில் உயர்ந்த இறப்பர் விலை பின்பு விழுந்தது. அரிசி விலையோ உயர்ந்தே நின்றது. 1952 திசெம்பரில் சீனாவோடு இறப்பர் – அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்குப் பதிலாக 270,000 தொன் அரிசி என்பது அதன் சாரம். அதுவும் திறைசேரியின் சுமையைத் தீர்க்கப் போதவில்லை. 1953 யூலையில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜெயவர்த்தனா ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. ஓகத்து 12ஆந் தேதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றிலே மந்திரிசபை கூடியது. ஒக்தோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்; அவருக்குப் பின் வந்த சேர் யோன் கொத்தலாவலையின் அரசாங்கம் விலையை 55 சதத்துக்கு இறக்கியது. ஏனைய நாடுகளில் மந்திரிசபைகள் போராலும் ஊழலாலும் கவிழ்ந்தமையைச் சரித்திரம் கூறும். இங்கு ஒரு கொத்து அரிசியின் 45 சதம் அதைச் செய்தது.

அந்த 45 சதத்துக்கு இத்துணை வலிமை வந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடைகாண அமெரிக்காவுக்குச் சென்று மீளவேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1939ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயோர்க் மாகாணத்து ரொச்செஸ்ரர் நகரில் உணவு முத்திரைத் திட்டம் முதன்முதல் தொடங்கப்பட்டது. ஒருபுறம் விற்பனையாகாத விளைபொருள் தேங்கிக் கிடந்தது. மறுபுறம் வேலையற்றோர் பசித்திருந்தனர். நிவாரணம் பெறுவோர் ஒரு டொலருக்குச் செம்மஞ்சள் முத்திரை வாங்கினால் அரை டொலர் பெறுமதியான நீல முத்திரை இலவசமாகக் கிடைத்தது. நீல முத்திரைக்குத் தேங்கிய பொருள்களை மட்டுமே வாங்கலாம். 1943இல் போர் காரணமாகத் திட்டம் நின்றது. பின்னர், 1945இல், ஹேர்மன் சவுத்வர்த் என்னும் பொருளியலாளர் ஒரு கட்டுரையில் இம்முயற்சிகளின் உள்ளியல்பை ஆராய்ந்தார். அவர் கருத்தின் சாரம் எளிமையானது: ஒரு குடும்பம் எப்படியும் வாங்கக்கூடிய உணவின் அளவிலும் குறைந்த பெறுமதிக்கு முத்திரை கொடுத்தால், அது பணம் கொடுத்தமைக்கு ஒப்பாகும். முத்திரையால் உணவு வாங்குவர்; முன்பு உணவுக்குச் செலவழித்த பணம் கையில் மிஞ்சும்; அதை வேண்டியவாறு செலவு செய்வர். முத்திரையில் உணவு என்று எழுதியிருப்பதனாலேயே அது வயிற்றைச் சேர்ந்துவிடாது.

இவ்வாதம் வகுப்பறையில் மறுக்கற்கரியது. ஆனால் மனைக்குள் நிகழ்வது வேறாயிருந்தது. அமெரிக்கத் திட்டம் 1961இல் மீண்டும் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1964இற் சட்டமாகிப் பரவியபின் செய்யப்பட்ட ஆய்வுகள் பல, ஒரு டொலர் பணத்தைக் காட்டிலும் ஒரு டொலர் முத்திரை உணவுச் செலவைக் கூடுதலாக உயர்த்துவதைக் கண்டன. 2018இல் ஜஸ்ரின் ஹேஸ்ரிங்சு, ஜெசி ஷப்பீரோ என்னும் இருவர் கடைப் பற்றுச்சீட்டுக்களையே ஆதாரமாகக் கொண்டு செய்த ஆய்வில், உணவு உதவியாகக் கிடைத்த ஒவ்வொரு டொலரிலும் 50 முதல் 60 சதம் வரை உணவுச் செலவைக் கூட்டியது என்றும், பணமாகக் கிடைத்திருப்பின் 10 சதத்துக்கு மேற் கூட்டியிராது என்றும் கூறினர். குடும்பத் தலைவி உணவுக்கென்று வந்ததை உணவுக்கென்றே ஒதுக்குகிறாள் என்பது இதன் பொருள். அடுக்களையில் அரிசிப் பானைக்குள் ஒரு பிடியை எடுத்து வேறாக வைக்கும் வழக்கத்தை அறிந்த நாட்டவர்க்கு இது வியப்பன்று, பொருளியலார்க்கு வியப்பாயிற்று.

இனி இலங்கைக்கு மீள்வோம். சவுத்வர்த்தின் அளவுகோலாற் பார்த்தால், வாரத்துக்கு ஒரு கொத்தோ இரண்டு கொத்தோ பெற்ற ஒருவர் அதனிலும் கூடுதலாகவே உணவு உண்பாராதலின், பங்கீட்டரிசி பணத்துக்கு ஒப்பானதே. ஆயின் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அரிசியாகக் கிடைக்கும் உதவி விலைவாசி ஏறினாலும் குறைவதில்லை. கொத்து என்றும் இரண்டு இறாத்தலே. ரூபாவோ ஆண்டுக்காண்டு தேயும். மக்கள் 1953இல் எதிர்த்தது அந்த வாரத்து 45 சதத்தை மட்டுமன்று; விலை ஏற்றத்திலிருந்து தம்மைக் காத்து நின்ற மதிலில் விழுந்த உடைப்பையும் எதிர்த்தனர் எனலாம். இவ்வேறுபாட்டின் முழுப்பொருளும் கால் நூற்றாண்டு கழிந்தபின் வெளிப்பட்டது.

இடைக்காலத்தில் அரிசி அரசியலை விட்டு அகலவில்லை. 1962இல் நிதி மந்திரி பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா பங்கீட்டில் அரைக் கொத்தைக் குறைக்க முன்வந்து, தம் கட்சியினரே எதிர்த்தமையால் நிதிப் பொறுப்பை விட்டு விலகினார். 1966 திசெம்பரில் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் சாதுரியமான ஒரு வழியைக் கண்டது. அதுவரை வாரத்துக்கு இரண்டு கொத்து, கொத்து 25 சதமாகக் கிடைத்தது. இனி ஒரு கொத்து மட்டும், ஆனால் இலவசம். இலவசம் என்னும் சொல் காதுக்கு இனியது. கணக்கோ வேறு. வெளிச்சந்தையில் ஒரு கொத்து ஒரு ரூபா எனக் கொண்டால், பழைய முறையில் இரண்டு ரூபாப் பெறுமதியான அரிசியை ஐம்பது சதத்துக்குப் பெற்றவன் ஒன்றரை ரூபா இலாபம் அடைந்தான்; புதிய முறையில் அவனது இலாபம் ஒரு ரூபா. அந்த அரை ரூபாவைத் திறைசேரி மீதப்படுத்தியது. சந்தையில் நெல் விலை ஏறியதால் விளைவித்தவர் பயன்பெற்றனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. அக்காலத்து நெல் விளைச்சற் பெருக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆயின் வாங்கி உண்பவர் தொகை விளைவிப்பவர் தொகையினும் பெரிது. இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவதாக வாக்களித்த கூட்டு முன்னணி 1970 மே மாதத்துத் தேர்தலில் பெருவெற்றி பெற்றது.

வெற்றிபெற்றோர்க்கு நற்காலம் வாய்க்கவில்லை. 1972க்கும் 1974க்கும் இடையில் உலகச் சந்தையில் அரிசி விலை மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. கோதுமையும் சீனியும் எண்ணெயும் உடன் உயர்ந்தன. இலவசப் பங்கீடு ஒரு கொத்திலிருந்து அரைக் கொத்தாயிற்று. கோதுமை மாவும் பாணும் அருமையாயின. மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லுதல் தடைசெய்யப்பட்டது. மரவள்ளிக் கிழங்கு பலர்க்கு ஒரு வேளை உணவாயிற்று. நாட்டின் மரண வீதம் 1973இல் ஆயிரத்துக்கு எட்டுக்குக் கீழே இருந்தது. 1974இல் ஒன்பதளவுக்கு ஏறிற்று. சில தசாப்தங்களாக இறங்கிவந்த வீதம் அது. ஆயிரத்துக்கு ஒன்று என்பது எண்ணாகப் பார்க்கச் சிறிது. அன்றைய குடித்தொகையோ ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டது. ஆகவே ஆயிரத்துக்கு ஒன்று என்பது பதின்மூவாயிரம் உயிர்.

அவ்வுயிர்கள் எங்கே மிகுதியாக இழக்கப்பட்டன? மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வயல் இல்லை. கொல்லையில் நட்டுக்கொள்ள நிலம் இல்லையெனலாம். பிரட்டுக்கு வந்த நாளுக்கே சம்பளம். உணவில் கோதுமை மாவே பெரும்பங்கு. மாவும் அரிசியும் ஒருங்கே குறைந்தபோது, கிராமத்தவர் பலாக்காயையும் கிழங்கையும் தேடினர். இலயத்திலிருந்தவர் தேட இடமில்லை. அவர்களுட் பெரும்பாலோர் அக்காலத்தில் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றவராயிருந்தனர் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கொத்தரிசிக்காக மந்திரிசபைகள் அஞ்சியது வாக்குக்கு அஞ்சியதே. வாக்கில்லாதவனின் பசிக்கு அஞ்சுதற்கு எவருக்கும் அவசியம் நேரவில்லை.

அதே காலத்தில் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டு மிளகாய், வெங்காயச் செய்கையாளர் முன்னொருபோதும் காணாத விலையைக் கண்டனர். ஒரே அரசாங்கம், ஒரே ஆண்டு. ஒரு தமிழர்க்கு வளம், மற்றொரு தமிழர்க்கு வறுமை. உணவுக் கொள்கையை ஆராய்வோர் உண்பவனை மட்டும் நோக்கினால் பாதிக் கதையையே காண்பர் என்பதற்கு இது சான்று.

இக்காலத்துப் பங்கீட்டை எண்ணால் அளந்தோருள் ஜேம்ஸ் கவன், இந்திராணி சந்திரசேகர என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர். வாசிங்டனிலுள்ள சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடாக 1979இல் அவர்களது ஆய்வு வந்தது. குறைந்த வருமானமுடைய குடும்பங்களின் வாங்கும் வலுவில் ஏறத்தாழ 16 வீதம் இம்மானியத்தாலே கிடைத்தது என்றும், உட்கொண்ட கலோரியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பங்கீட்டால் வந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டனர். பணக்காரனுக்கும் அதே ஒரு கொத்து என்பதனாற் பணம் வீணாகிறது என்று கூறுவோர்க்கு அவ்வாய்வில் விடையும் உண்டு. கொத்து ஒன்றேயாயினும், அது ஏழையின் வருமானத்தில் பெரும் பங்கு, பணக்காரன் வருமானத்தில் துரும்பு. தரங்குறைந்த அரிசி என்று மாளிகையார் வாங்காது விட்டதும் உண்டு. அரிசி தானே ஆளைத் தெரிந்துகொண்டது என்று கூறலாம்.

அந்த ஆய்வு அச்சேறிய ஆண்டிலேயே அதன் பொருள் மறைந்தது ஊழின் வினோதம். 1977இல் பதவிக்கு வந்த அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தைத் தழுவியது. 1978 சனவரியில் பங்கீடு மாதவருமானம் 300 ரூபாவுக்குட்பட்ட குடும்பங்களுக்கென மட்டுப்படுத்தப்பட்டது. குடித்தொகையில் ஏறக்குறையப் பாதி நீங்கிற்று. 1979 செத்தெம்பரில் அரிசிப் பங்கீடு அறவே நின்று, உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை 20 ரூபா. அதற்கு மேற்பட்டோர்க்கு 15 ரூபா. குடும்பத்துக்கு மண்ணெண்ணெய் முத்திரை 9 ரூபா 50 சதம். சிறுபிள்ளைக்குக் கூடுதலாக அளித்தமை போசாக்கு நோக்கிற் பாராட்டத்தக்கதே.

ஆயின் இத்திட்டம் எழுதப்பட்டது ரூபாவில். கொத்து போய் ரூபா வந்தது. 1980இல் விலைவாசி 26 வீதம் ஏறிற்று. 1981இல் 18 வீதம். 1982இல் 11 வீதத்தளவு. இம்மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால், 1979இல் 100 ரூபாவுக்குக் கிடைத்தது 1982இல் 165 ரூபாவாயிற்று. முத்திரையிலே பொறித்த 15 ரூபா மாறவில்லை. அது பழைய விலையில் 9 ரூபாவே வாங்கியது. எவரும் சட்டசபையில் எழுந்து வெட்டுப் பிரேரணை கொணரவில்லை, ஹர்த்தால் நடக்கவில்லை, துறைமுகத்துக் கப்பலில் மந்திரிகள் கூடவில்லை. 1953இல் ஒரே நாளில் செய்ய முயன்று முடியாமற்போனது, மூன்றாண்டில் ஓசையின்றி நிறைவேறிற்று. எழுபதுகளின் நடுப்பகுதியில் மொத்தத் தேசிய உற்பத்தியில் 5 வீதமாயிருந்த உணவு மானியம் 1984இல் 1.3 வீதமாயிற்று, அரசாங்கச் செலவில் 15 வீதமாயிருந்தது 3 வீதமாயிற்று.

இம்மாற்றத்தை நெவில் எதிரிசிங்க என்னும் இலங்கைப் பொருளியலாளர் ஆராய்ந்து 1987இல் அதே நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். மத்திய வங்கியின் நுகர்வோர் நிதி ஆய்வுகள் 1978/79இலும் 1981/82இலும் நிகழ்ந்தமையால், முத்திரைக்கு முன்னும் பின்னும் ஒப்புநோக்க வாய்ப்புக் கிடைத்தது. குடும்பங்களை வறுமை நிரலில் ஐந்து பிரிவாக்கின், அடியிலுள்ள ஐந்திலொரு பங்கினரின் கலோரி உட்கொள்ளல் ஏறத்தாழ 8 வீதம் குறைந்தது. இவர்கள் முன்னரே போதியளவு உண்ணாதவர்கள். நாட்டின் வருமானமோ அவ்வாண்டுகளில் விரைந்து வளர்ந்தது. வளர்ச்சியும் பசியும் ஒரே ஏட்டின் இரு பக்கங்களிற் பதிவாயின.

வருமானத்தைக் கொண்டு ஆளைத் தெரிதல் எத்துணைக் கடினம் என்பதையும் இவ்வாய்வு காட்டியது. வருமானத்தை அவரவரே கூறவேண்டும். கூலிக்கும் கமத்துக்கும் செல்வோரின் வருமானத்தை எவர் அளப்பார்? குறைத்துக் கூறினோர் முத்திரை பெற்றனர். மாதச் சம்பளப் பட்டியலில் பெயருள்ளவனோ மறைக்க வழியின்றி நின்றான். தோட்டத்துப் பேர்ச்சிட்டு அவன் வருமானத்தைச் சதக்கணக்கில் எடுத்துக்காட்டியமையால், தோட்டக் குடும்பங்கள் பெருந்தொகையாக முத்திரையை இழந்தன. கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளையும் ஒருங்கே கொழுந்து பறித்தால் வருமானம் வரம்பைக் கடந்துவிடும்; அந்த வீட்டின் குழந்தை மெலிந்திருப்பதைப் பேர்ச்சிட்டுக் காட்டாது. 1980இல் புதிய பதிவுகள் நிறுத்தப்பட்டன. பின்னர் பிறந்த குழந்தைக்கும் வேலை இழந்த தந்தைக்கும் வாயில் அடைபட்டது. வசதியடைந்தவர் பெயர் ஏட்டிலே நிலைத்தது.

ஆராய்ச்சியாளர் இவற்றை இரு பிழைகளாக வகுப்பர். உதவி வேண்டாதவர்க்குக் கொடுப்பது ஒன்று. வேண்டியவரை விடுவது மற்றொன்று. கோர்ணியா, பிரான்சிஸ் ஸ்ருவர்ட் ஆகிய இருவர் 1990களின் தொடக்கத்தில் இதனை வலியுறுத்தினர். முதற்பிழை திறைசேரியின் கணக்கில் எண்ணாகத் தோன்றும். அதைக் குறைக்கும்படி நிதி நிறுவனங்கள் ஓயாது கூறும். இரண்டாவது பிழை எந்தக் கணக்கேட்டிலும் தோன்றாது. விடுபட்ட குழந்தைக்குச் செலவு ஏது? செலவில்லாதது கண்ணிற் படாது. ஒன்றைக் குறைக்க முற்பட்டால் மற்றது வளரும் என்பதே இலங்கையின் அனுபவம்.

இனி மாற்றுக் கருத்தையும் கூறுதல் நீதி. இலங்கையில் மரணம் குறைந்தமைக்கு அரிசியே காரணம் என்பதைப் பலர் ஏற்பதில்லை. 1946இல் ஆயிரத்துக்கு 20.2ஆக இருந்த மரண வீதம் 1947இல் 14.3ஆக வீழ்ந்தது. டி.டி.ரி. மருந்து தெளித்து மலேரியாவை அடக்கியமையே அதற்குக் காரணம் என ஒரு சாரார் கூறினர். மலேரியா இல்லாத பகுதிகளிலும் மரணம் குறைந்ததே, உணவும் வைத்தியசாலைகளும் அங்கே தொழிற்பட்டன அல்லவா என்று பிரெடரிக்சன், மீகம முதலியோர் வினவினர். 1981இல் சென் இலங்கையை வருமானத்தை மீறிய ஆயுளுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். 1986இல் பல்லா, குளூவே என்னும் இருவர், 1960க்குப் பின் இலங்கையின் முன்னேற்றம் பிற நாடுகளினும் விசேடமானதன்று, மானியத்திற் செலவான பணம் முதலீட்டில் இட்டிருப்பின் வளர்ச்சி மிக்கிருக்கும் என்று எதிர்த்தனர். முன்னேற்றத்தின் பெரும்பகுதி 1960க்கு முன்னரே நிகழ்ந்ததாயின் அதன்பின் அளப்பது எதை அளப்பது என்பது சென் பக்கத்தார் மறுமொழி. இவ்வழக்கில் இரு சாராரும் அளந்தது ஏறுமுகத்தை. இறங்குமுகத்தில் 1974உம் 1981உம் கூறும் சாட்சியமே வலுவுடையது. உணவு குறைந்த ஆண்டில் மரணம் கூடியதை மருந்தால் விளக்குதல் எளிதன்று.

பின்னைய திட்டங்களை விரைந்து கூறலாம். 1989இல் வந்த ஜனசவிய, மாதம் 1,458 ரூபாவை உணவு முதலிய நுகர்வுக்கும் 1,042 ரூபாவைச் சேமிப்புக்கும் என இரு கூறாக இருபத்துநான்கு மாதம் அளிக்க வகுத்தது. நாடு முழுவதையும் அது எட்டவில்லை. 1995இல் சமுர்த்தி அதன் இடத்தைக் கொண்டது. இவற்றுக்கிடையே, 1973இல் தொடங்கிய திரிபோஷ மா, சோளமும் சோயாவும் பாற்பொடியும் கலந்த உணவாக, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் வைத்திய நிலையங்களினூடாகச் சென்றது. அது வருமானத்தைக் கேட்கவில்லை. தராசில் குழந்தையை நிறுத்துப் பார்த்தது. பொருளியலார் பல ஆண்டு விவாதித்த ஆள் தெரியும் பிரச்சினைக்குக் குடும்பநல மருத்துவமாது ஒருவர் கையிலிருந்த தராசு கொடுத்த விடை இழிந்ததன்று.

2022இல் அந்நியச் செலாவணி வறண்டபோது, செத்தெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவு விலைகள் ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் 94.9 வீதம் உயர்ந்திருந்தன. 1980இல் மூன்றாண்டு எடுத்த தேய்வு ஓராண்டுக்குள் நிகழ்ந்தது.  ஓராண்டுக்கு முன்னிருந்த அதே தொகை கடையில் ஏறத்தாழப் பாதி உணவே வாங்கியது. 2023இல் அஸ்வெசும என்னும் திட்டம் தொடங்கிற்று. குடும்பங்களை நான்கு வகையாக்கி, மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என வகுத்தனர். இம்முறை வருமானத்தை மட்டும் கேளாது, வீட்டின் சுவர், கூரை, மின்சாரம், கல்வி, உடல்நிலை முதலிய பல குறிகளை எண்ணி வறுமையை மதிப்பிட்டனர். முதற்பட்டியல் வெளிவந்தவுடன் முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. தோட்டத்து இலயத்தில் வரிசையாகவுள்ள ஒரே நீளக் கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அக்கூரையின் குறியைக் கொண்டு ஒவ்வொரு குடும்பத்தின் பசியையும் வேறுவேறாக அளப்பது எவ்வாறு என்பது அம்முறையீடுகளைக் கேட்ட அதிகாரிகளின் முன் வந்து நின்றது.